ரப்பர் கிண்ணமும் தாய்மாமன் பாட்டும்

சின்னவன் போன வாரம் போனில் ஒரு சந்தேகம் கேட்டான். ஆபீசில் சுற்றி இருப்பவர்கள் பேசுகிற பேச்சில் வேலை ஓடவில்லையாம். வெளிச்சத்தம் உள்ளே வராத ஹெட்போன் ஒன்று வாங்கப் போகிறானாம். "அப்பா, நீங்க செட்டுக்காரரா இருந்த ஆளு. எதைப் பாத்து வாங்கணும்னு சொல்லுங்க" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால், எனக்குத் தெரிந்த பதில் போனில் சொல்லி முடிகிற மாதிரி இல்லை. அதில் உங்கள் அம்மா வருகிறாள், உங்கள் மாமா வருகிறார், உங்கள் இரண்டு பேருடைய காதுகுத்தும் வருகிறது. அதனால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திப் படித்துக்கொள்ளட்டும்.

நீங்கள் நடை பழகிய காலத்தில் நானும் என் பெரியப்பா மகனும் சேர்ந்து விளாங்குடியில் ரேடியோ செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தோம். அவனும் நானும் ஒரே வயசு. ஒருத்தரை ஒருத்தர் பங்காளி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். செட் என்றால் ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு மைக், கேசட் போடுகிற டேப் இரண்டு, மரத்தில் ஏறிக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர்கள். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் பொங்கல் எது நடந்தாலும் முதலில் போய் இறங்குவது நாங்கள்தான். எங்கள் குழாய் பாடத் தொடங்கினால்தான் அது விசேஷ வீடு என்று அடுத்த தெருவுக்கே தெரியும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது உட்கார்ந்த இடத்தில் செய்கிற சொகுசு வேலை. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு டேப்பில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த டேப்பில் அடுத்த பாட்டைத் தேடிப் பிடித்து, அதன் தலையில் கொண்டுபோய் நிறுத்தி வைக்க வேண்டும். இது முடிந்ததும் குமிழைத் திருப்பினால் அது பாட வேண்டும். நடுவில் குழாய் சும்மா இருந்தால், "என்ன செட்டு, தூங்கிட்டீகளா?" என்று ஒரு குரல் வந்துவிடும். எங்களிடம் இருந்ததெல்லாம் கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கின கேசட்டுகள். உறையில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. முன்னே ஓட்டி, பின்னே ஓட்டி, ஹெட்போனில் கேட்டுத்தான் பாட்டைப் பிடிக்க முடியும். தலைக்கு மேலே குழாய் அலறிக்கொண்டிருக்கும்போது அந்தச் சின்னச் சத்தம் காதில் விழ வேண்டும். இப்போது பெரிய ஊர்களில் பையன்கள் ஒரு காதில் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு தட்டைச் சுற்றுகிறார்களே, டிவியில் பார்க்கும்போது நான் சிரித்துக்கொள்வேன். அதே பாடுதான்.

எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்பதற்கு ஒரு முறையும் உண்டு. விடியும்போது பிள்ளையார். அப்புறம் முருகன், அம்மன். பந்தி ஓடும்போது சினிமாப் பாட்டு. தாய்மாமன் சீர் வரும்போது மட்டும் அண்ணன் தங்கை பாசத்தைப் பற்றின பாட்டு. சீர் கொண்டுவருகிற தாய்மாமன் நேராகப் பந்தலுக்குள் வர மாட்டார். தெரு முனையில் வந்து நிற்பார். கொட்டுச் சத்தமும் வெடிச் சத்தமும் கேட்டு, வீட்டுக்காரர்கள் ஆரத்தித் தட்டோடு போய் அழைத்த பிறகுதான் உள்ளே கால் வைப்பார். அவர் நடந்து வருகிற அந்த நேரத்துக்கு எங்கள் குழாயில் அந்தப் பாட்டு வந்தாக வேண்டும். மறந்துவிட்டால் மாமன் வீட்டார் முகத்தில் அடித்த மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.

எங்களிடம் முதலில் இருந்த ஹெட்போன், வெளிநாட்டிலிருந்து திரும்பின ஒருவரிடம் பங்காளி ஆசைப்பட்டு வாங்கினது. மெல்லிசான கம்பி, காதில் உட்காருகிற இடத்தில் பஞ்சு. வீட்டில் வைத்துக் கேட்டால் தேன் மாதிரி இருக்கும். குழாய்க்குக் கீழே கேட்டால் அது இருக்கிறதா என்றே தெரியாது. பஞ்சு எதைத் தடுக்கும்? பங்காளி சத்தத்தைக் கடைசி வரை திருகி வைத்துக் கேட்பான். விசேஷம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தால், "பங்காளி, காதுக்குள்ள சில்வண்டு கத்துது" என்பான். இலை போடுகிறவர் ரசமா மோரா என்று கேட்பது அவனுக்குக் கேட்காது. தலையை மட்டும் ஆட்டுவான். இரண்டும் ஒன்றாக இலையில் விழும்.

சமயநல்லூர் தாண்டி ஒரு ஊரில் கல்யாணம். தாலி கட்டி முடிந்து, பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பங்காளி அடுத்த பாட்டைத் தேடினான். ஆரம்பத்தில் வருகிற புல்லாங்குழல் மட்டும் அவன் காதில் மங்கலாக விழுந்திருக்கிறது. சந்தோஷப் பாட்டுத்தான் என்று நம்பிக் குமிழைத் திருப்பிவிட்டான். குழல் முடிந்து குரல் வந்தது. புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி பாடுகிற பாட்டு. நான் ஓடி வந்து நிறுத்துவதற்குள் முதல் வரி முழுசாக ஊருக்கே கேட்டுவிட்டது. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார்.

"ஏப்பா செட்டு, தாலி ஏறி வாயில போட்ட வெத்தலைகூட இன்னும் செவக்கல. அதுக்குள்ள அறுக்கச் சொல்றியா?"

பங்காளிக்கு அவர் சொன்னதும் பாதிதான் கேட்டிருக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்கு மரத்திலிருந்து குழாயை இறக்கும்போது என்னிடம், "இனிமே நான் குழாய் கட்டுறேன், ஒயர் இழுக்குறேன். பாட்டுப் போடுறது நீயி. இது ராசியில்லாத கை" என்றான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கை என்ன செய்யும், காதுக்குத்தானே கேட்கவில்லை என்று எனக்குப் பட்டது. அதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும் என்று கிளம்பினேன்.

ஆரப்பாளையத்தில் பஸ்கள் நின்று போகிற இடத்துக்குப் பக்கத்தில் பழைய ரேடியோச் சாமான் விற்கிற கடை ஒன்று இருந்தது. பட்டாளத்தில் ஏலம் விட்டது, எங்கேயோ கழித்துப் போட்டது எல்லாம் அங்கே வந்து சேரும். கடைக்காரர் ஒரு கூடை நிறைய ஹெட்போன் எடுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றாகத் தலையில் மாட்டிக்கொண்டு, கடை வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்து நின்றேன். "திண்டுக்கல் திண்டுக்கல்" என்று கண்டக்டர் கூவுவார், பஸ்ஸின் ஹாரன் அடிக்கும், டீ ஆற்றுகிற சத்தம் கேட்கும். ஒரு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்ததை மாட்டுவேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"அண்ணே, ஒயரை எதுலயும் சொருகலையே. எதைக் கேக்குறீக?"

"ஒண்ணும் கேக்கலையானு பாக்குறேன்" என்றேன்.

அவர் பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, "இந்தா பாருய்யா. பாட்டுக் கேக்க வாங்குறவகளப் பாத்திருக்கேன். செவிடாகுறதுக்கு வாங்குற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். டீக்கடைக்காரர், "வீட்டுல சம்சாரம் பேச்சு ஜாஸ்தியா இருக்கும்" என்றார். இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சின்னவனே, ஹெட்போனில் பாட்டுப் போட்டுப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஒன்றும் போடாமல் சத்தமான இடத்தில் மாட்டிக்கொண்டு நின்று பார். அப்போதுதான் அது எதைத் தடுக்கிறது, எதை விடுகிறது என்று தெரியும்.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். காதின் மேல் உட்காருவது வேறு, காது முழுவதையும் தனக்குள் வாங்கிக்கொண்டு சுற்றி மூடுவது வேறு. மூடுவதுதான் தடுக்கும். அழுத்திப் பிடித்திருக்கும்போது நன்றாகத் தடுத்துவிட்டு, கையை எடுத்ததும் விட்டுவிடுகிற சாதியும் உண்டு. குனிந்து, தலையை ஆட்டிப் பார்க்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுகிறவன் கண்ணாடியோடுதான் மாட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கம்பி போகிற சந்து போதும், ரோடு முழுவதும் உள்ளே வந்துவிடும். ஒரு காதுக்குள் மட்டும் சொருகுகிற சின்னதும் ஒன்று கூடையில் இருந்தது. அந்தக் காதை நன்றாக அடைத்தது. ஆனால் நான் கொட்டாவி விட்டதும் கழன்று விழுந்துவிட்டது.

கடைசியில் கூடையின் அடியில் கிடந்தது ஒன்று. காது வைக்கிற இடத்தில் கறுப்பு ரப்பரில் இரண்டு கிண்ணம். பட்டாளத்துச் சாமான். கனம் அதிகம், மழையில் நனைந்த டயர் மாதிரி ஒரு வாடை. அதை மாட்டினதும் ஆரப்பாளையம் இல்லாமல் போனது. கண்டக்டரின் வாய் திறந்து திறந்து மூடுகிறது. பஸ் உறுமாமல் நகர்கிறது. நான் மூச்சு விடுகிற சத்தம் எனக்கே கேட்கிறது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

"அதுல பாட்டு நல்லாருக்காதுண்ணே. பட்டாளத்துல உத்தரவு கேக்கச் செஞ்சது" என்றார் கடைக்காரர். சொருகிக் கேட்டேன். தொண்டை கட்டினவர் பாடுகிற மாதிரித்தான் இருந்தது.

"எனக்குப் பாட்டு வேணாம்ணே. பாட்டோட தலை தெரிஞ்சாப் போதும்" என்று சொல்லி அதையே வாங்கிக்கொண்டேன். ஒயர் முனையில் சொருகுகிற பின் எங்கள் டேப்பில் நுழையாது. வேறு பின் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார்.

பங்காளி அதைப் பார்த்துவிட்டு, "என்ன பங்காளி, பிளேன் ஓட்டப் போறியா?" என்றான். குழாயை முழுசாக அலறவிட்டு அவன் தலையில் மாட்டிவிட்டேன். பழக்கத்தில் அவன் சத்தத்தைக் கடைசி வரை திருகினான். திருகின வேகத்தில் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடுங்கி எறிந்தான். அப்புறம் மெதுவாகக் குறைத்துக் குறைத்து, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத இடத்துக்குக் கொண்டுவந்து, "இங்கயே கேக்குதுடா" என்றான். அவன் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஏதோ காணாமல் போன சாமானைக் கண்டெடுத்தவன் மாதிரிச் சொன்னான்.

அதற்கப்புறம் அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். வெளிச்சத்தத்தைத் தடுக்க முடியாதவன் உள்சத்தத்தைக் கூட்டுகிறான். காது அதில்தான் கெடுகிறது. வெளியே நன்றாக மூடிவிட்டால் உள்ளே முணுமுணுத்தாலே போதும். காதுக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கும் அப்படித்தான் என்று தோன்றும். அந்தச் சமயத்தில் நம் வீட்டில் அப்படி ஒரு சத்தம் நடந்துகொண்டிருந்தது. உங்கள் அம்மாவுக்கும் அவளுடைய அண்ணனுக்கும் நடுவில்.

உங்கள் மாமா சமயநல்லூரில் புது வீடு கட்டினார். பால் காய்ச்சுகிற நாளில் உங்கள் அம்மா பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பெரியவளுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை கட்டினோம். அம்மை போட்ட வீட்டிலிருந்து விசேஷ வீட்டுக்குப் போகக் கூடாது. போய்ச் சொல்லவும் கூடாது, வேறு ஆளிடம்தான் சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கம் போகிற பால்காரரிடம் சொல்லிவிட்டோம். அவர் நல்ல மனுஷர். ஆனால் வேப்பிலை கட்டின வீட்டுச் சேதியைப் பால் பொங்குகிற வீட்டு வாசலில் நின்று எப்படிச் சொல்வது, அமங்கலமாகிவிடுமே என்று நினைத்து, சொல்லாமலே திரும்பி வந்துவிட்டார். எங்களிடம் வந்து சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. உங்கள் மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம் தங்கச்சி வரவில்லை என்பது மட்டும்தான்.

பிறகு விவரம் தெரிந்து ஆள் விட்டுச் சொன்னோம். அதற்குள் நடுவில் இருப்பவர்கள் அவர் சொன்னதை இங்கேயும் இவள் சொன்னதை அங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் பேச்சின் சத்தம் கூடிக்கொண்டே போனது. "எம்புட்டோ பேரு வந்து நின்னாக. கூடப் பொறந்தவ நிக்கல. இப்ப அம்மைங்குறா. அன்னைக்கே சொல்ல வாயில்லையா?" என்று அவர் கேட்டதாக வந்தது. அப்புறம் போக்குவரத்து இல்லை.

உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். உங்கள் அம்மா வெற்றிலை பாக்குத் தட்டு எடுத்துக்கொண்டு தனியாகச் சமயநல்லூர் போய் வந்தாள். தட்டைக் கையில் வாங்கினால் வருகிறார் என்று அர்த்தம். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாராம். திரும்பிப் பார்க்காமல், "வச்சுட்டுப் போ" என்றாராம். வைத்துவிட்டு வந்துவிட்டாள். வருவாரா மாட்டாரா என்று நான் கேட்டதற்கு, "வந்தா அவர் மடியில. வரலைன்னா குத்த வேணாம். வேற யார் மடியிலயும் எம்புள்ளைகள உக்கார வைக்க மாட்டேன்" என்றாள். அழவில்லை. அரிசி புடைத்துக்கொண்டேதான் சொன்னாள்.

காதுகுத்து அன்றைக்கு நம் வீட்டு முன்னால் பந்தல். திண்டுக்கல் ரோட்டிலிருந்து நம் தெரு பிரிகிற முனை பந்தலிலிருந்து நேராகத் தெரியும். பங்காளி குழாய்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டான். "ஒன் வீட்டு விசேஷத்துல என் கை வேணாம்" என்றான். அதனால் நானே மேசையில் உட்கார்ந்தேன். வந்த சொந்தக்காரர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது. "ஏண்டா, புள்ளைகளுக்கு அப்பனா வந்திருக்கியா, வாடகைக்கு வந்திருக்கியா?" என்று என் சித்தப்பா கேட்டார். சாப்பாட்டுக்கு மட்டும் என்றேன்.

உங்கள் அம்மா மேசைக்கு வந்து குனிந்து மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, இன்னைக்கு அந்த ரப்பர் கிண்ணத்தை மாட்டாதீக. எங்க அண்ணன் வந்து முனையில நின்னு கொட்டு அடிச்சாக்கூட உங்களுக்குக் கேக்காது. பாட்டு வரலைன்னா, கூப்பிட ஆள் வரலைன்னா, அவரு ஒரு நிமிசம் நிக்க மாட்டாரு. திரும்பிப் போயிருவாரு."

அவள் சொன்னது நியாயம். கழற்றி வைத்தேன். ஆனால் கிண்ணம் இல்லாமல் எப்படிப் பாட்டைத் தேடுவது? அண்ணன் தங்கை பாட்டு இருந்த அதே கேசட்டில்தான் அந்த அழுகைப் பாட்டும் இருந்தது. ஒரு காதில் மட்டும் வைத்துப் பார்த்தேன். திறந்த காது வழியாகக் குழாய் புகுந்து மூடின காதையும் கெடுத்தது. உள்ளே ஏதோ முனகுகிறது, எந்தப் பாட்டு என்று சொல்ல முடியவில்லை. மாமன் வருகிற நேரத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள் பாட்டைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? மாட்டினாலும் வம்பு, மாட்டாவிட்டாலும் வம்பு. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கிண்ணத்தையும் இழுத்து மாட்டினேன். பாட்டைத் தேடிப் பிடித்தேன். முதல் வரியை முழுசாகக் கேட்டுச் சரிபார்த்து, பின்னே ஓட்டித் தலையில் நிறுத்தினேன். பிறகு கழற்றலாம் என்று கையைக் கொண்டுபோனேன்.

கழற்றவில்லை. ஏன் என்றால், நிமிர்ந்து பார்த்தபோது நான் பந்தலை அதுவரை பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. சத்தம் இருந்தவரை என் கண்ணும் அதோடு சேர்ந்து கலங்கித்தான் கிடந்திருக்கிறது. இப்போது எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. ஆசாரி ஊசியைத் துணியில் துடைத்து, ஒளித்து வைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் இரண்டு பேரும் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஒரு முறுக்குக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். சித்தப்பா யாரிடமோ கையை ஆட்டிப் பேசுகிறார். நேரம் போகிறது, உங்கள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் மடியில் உட்காரவைத்துவிடலாம் என்று அவர் சொல்வது உதட்டிலேயே தெரிந்தது. உங்கள் அம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவள் உடம்பு எங்கள் பக்கம் இருந்தது. காது மட்டும் ரோட்டுப் பக்கம் இருந்தது. கொட்டுச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

நான் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தேன். வேறு வேலை இல்லை எனக்கு.

திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு டவுன் பஸ் வந்து நின்று போனது. அது நகர்ந்ததும், எதிர்ப்பக்கம் ஒரு புளியமரத்தடியில் இரண்டு பேர் நின்றார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள், கையில் துண்டு போட்டு மூடின தட்டு. பக்கத்தில் பையோடு ஒரு பெண். கொட்டு இல்லை, வெடி இல்லை, கூட ஆள் இல்லை. அவர் நம் தெருவைப் பார்த்தார். மரத்தில் கட்டியிருந்த குழாயைப் பார்த்தார். அப்புறம் வந்த வழியே திரும்பி, அடுத்த பஸ் வருகிறதா என்று பார்ப்பது மாதிரிப் பார்த்தார். உங்கள் மாமாவும் அத்தையும்தான்.

நான் எழுந்து ஓடியிருக்கலாம். கத்தியிருக்கலாம். எனக்கு அது எதுவும் தோன்றவில்லை. கை குமிழைத் திருப்பியது.

பந்தலில் இருந்த எல்லாத் தலையும் முதலில் குழாய்ப் பக்கம் திரும்பின. தாய்மாமன் பாட்டு வருகிறது, மாமனைக் காணோம். செட்டுக்காரனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் ரோட்டைக் கை காட்டினேன். உங்கள் அம்மா பந்தல் காலை விட்டாள். ஆரத்தித் தட்டு தயாராக ஸ்டூலின் மேல் இருந்தது. அதை எடுக்காமலே ஓடினாள். யாரோ ஒரு அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள், சூடம் அணைந்துவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு.

ரோட்டோரத்தில் அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத்தான் எதுவும் கேட்கவில்லையே. தட்டு கை மாறினதைப் பார்த்தேன். அவர் பந்தலுக்குள் வந்தார். நேராகப் பெரியவளைத் தூக்கி மடியில் வைத்தார். ஆசாரி ஊசியை எடுத்தார், மாமா கையால் தடுத்து நிறுத்தினார். பெரியவளே, உன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, புருவத்துக்கு மேலே அம்மை விட்ட தழும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தடவிக்கொண்டே இருந்தார். பிறகு உன் தலைக்கு மேலாக உங்கள் அம்மாவைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். இதற்கு எந்தக் காதும் வேண்டியிருக்கவில்லை.

உங்கள் இரண்டு பேர் வாயும் அகலமாகத் திறந்ததைப் பார்த்த பிறகுதான் கிண்ணத்தைக் கழற்றினேன். குழாய்ப் பாட்டையும் மீறி நீங்கள் அழுத அழுகை கேட்டது.

சாப்பிட்டு முடித்து மாமா என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். வெற்றிலை மடித்துக்கொண்டே, "கொட்டுப் பிடிச்சா வந்தே ஆகணும் மாப்ள. பஸ்ல வந்தாத் திரும்பிப் போயிரலாம்னுதான் பஸ்ல வந்தேன்" என்றார். ரப்பர் கிண்ணத்தை எடுத்துத் தன் தலையில் மாட்டிப் பார்த்தார். பந்தலைச் சுற்றிப் பார்த்தார். நெடுநேரம் கழற்றவில்லை. தங்கச்சி அடுப்படிக்கும் பந்திக்கும் நடந்துகொண்டிருந்ததை அதிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றிக் கொடுக்கும்போது, "பாட்டு நல்லாத்தான் போட்டீக. சத்தந்தான் கூட" என்றார்.

பால்காரர் விஷயத்தை அவர் அப்புறம் எப்போதும் கேட்கவில்லை.

ஆக, சின்னவனே, உனக்கு என் பதில் இதுதான். காதைச் சுற்றி முழுசாக மூடுவதாகப் பார்த்து வாங்கு. கண்ணாடியோடு மாட்டிப் பார். ஒன்றும் போடாமல் ரோட்டில் நின்று பார். வாங்கின பிறகு சத்தத்தைக் குறைத்து வை. ஆபீசில் உன் நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சுவரைப் பார்த்து இருந்தால், அதை மாட்டிக்கொள்கிற நேரத்திலாவது வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொள்.